மூன்று பக்கம் கடல்: நீந்த இடம் எங்கே?

மும்பையின் கோடை நம் ஊர்க் கோடை போன்றது அல்ல. நம் ஊர் வெயில் சுள்ளென்று அடிக்கும். மர நிழலில் ஒதுங்கினால் ஆறிவிடும். மும்பை வெயில் அப்படி விடாது. கடல் காற்றில் ஈரம் அதிகம். அதனால் வியர்வை காயாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் உடம்பு கசகசவென்றே இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஊர் நினைவு வரும். நெல்லைக்காரருக்குத் தாமிரபரணி. தஞ்சைக்காரருக்கு ஆற்றங்கரைப் படித்துறை. சேலம், தருமபுரிக்காரருக்குத் தோட்டத்துப் பம்புசெட்டுக் கிணறு. "ஒரு முங்கு முங்கி எழுந்தால் போதுமே!" என்று மனம் அலையும்.

மும்பைக்கும் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. மூன்று பக்கம் கடல். நகர எல்லைக்குள்ளேயே பெரிய ஏரிகள் மூன்று. புறநகர் ரயிலில் பத்லாபூர், கர்ஜத் வரை போனால் உல்ஹாஸ் ஆறு. இத்தனை இருந்தும், பயமில்லாமல் இறங்கி நாலு கை நீந்த இடம் எங்கே?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால், தவறான இடத்தில் இறங்கியவர்கள் பலர் கரை திரும்பவில்லை.

அப்பாவுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், பாண்டுப், கல்யாண், அம்பர்நாத்... தமிழர் குடியிருக்கும் எந்தப் பகுதிக்கும் போய் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு நீச்சல் தெரிந்திருக்கும். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது.

அப்பா நீச்சல் கற்றது எந்தப் பள்ளிக்கூடத்தில்? கிணற்றில்தான். இடுப்பில் ஒரு கயிறு. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, அல்லது மூடி போட்ட காலி டின். மேலே நின்று கயிற்றைப் பிடிக்க ஒரு மாமா, அல்லது சித்தப்பா. நாலு நாள் தண்ணீர் குடித்தால் ஐந்தாம் நாள் மிதந்துவிடலாம். பத்தாம் நாள் கரணம் அடித்துக் குதிக்கலாம். காசு செலவு கிடையாது.

அந்தக் கிணறு இங்கே இல்லை. கயிறு பிடிக்க மாமாவுக்கு நேரமும் இல்லை. அவர் காலை ஏழு மணி லோக்கலைப் பிடித்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். முன்பெல்லாம் மே மாத விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினால், தாத்தா வீட்டில் நீச்சலும் கற்று வருவார்கள். இப்போது ரயில் டிக்கெட் கிடைப்பதே திருவிழா. ஊரிலும் பல கிணறுகள் வற்றிவிட்டன.

விளைவு, கடலுக்கு நடுவே வாழும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் தெரியவில்லை. தண்ணீர் தெரிந்த அப்பாக்களுக்கோ, இந்தத் தண்ணீர் தெரியவில்லை. இரண்டுமே ஆபத்துதான்.

முதலில் அப்பாக்களின் விஷயத்துக்கு வருவோம்.

ஆறு வேறு, கடல் வேறு

ஆற்றில் நீந்தியவர் ஒரே ஒரு இழுப்புக்குத்தான் பழகியவர். ஆறு ஒரு திசையில்தான் ஓடும். எங்கே சுழல், எங்கே மடு என்று ஊர்ப் பெரியவர் சொல்லியிருப்பார். கடலில் அப்படி இல்லை. அலை கரைக்குத் தள்ளும். தள்ளிய தண்ணீர் எங்கேயாவது ஒரு வழி கண்டுபிடித்துத் திரும்ப வேண்டுமே? அந்த வழியில் நிற்பவரை வாரிக்கொண்டு உள்ளே போகும். மேலே பார்த்தால் அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். 'இங்கே அலை இல்லையே' என்று அங்கேயே இறங்குகிறவர்கள் உண்டு!

இன்னொரு விஷயம், ஓதம். நம் சென்னை, தூத்துக்குடிக் கடற்கரைகளில் கடல் ஏறுவதும் வற்றுவதும் சுமார் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் நம்மவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் நாலு மீட்டருக்கு மேல் போகும். கிட்டத்தட்ட ஒரு மாடி உயரம்! இங்கே கடலடித் தரை வெகுதூரம் வரை ஆழம் குறைவாக இருப்பதும், வடக்கே காம்பே வளைகுடா புனல் போலக் குறுகுவதும் இதற்குக் காரணங்கள்.

சந்தேகம் இருந்தால் ஹாஜி அலி தர்காவுக்குப் போய்ப் பாருங்கள். கடல் வற்றியிருக்கும்போது மக்கள் நடந்து போகும் பாதை, கடல் ஏறும்போது தண்ணீருக்குள் மறைந்துவிடும்.

இங்குள்ள கோலி மீனவர்கள் கடல் ஏறுவதை 'பர்த்தி' என்றும், வற்றுவதை 'ஓஹோட்டி' என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டு மராத்திச் சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் யாராவது "பர்த்தி ஆலி" என்றால், கடல் ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். கரைக்கு வந்துவிட வேண்டும்.

காலண்டரே சொல்லும்

கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சுமார் நண்பகலிலும் நள்ளிரவிலும் கடல் உச்சத்துக்கு ஏறும். சுமார் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நன்றாக வற்றும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமி வரும்போது ஏறும் நேரம் மாலை ஆறு மணி அளவுக்கு வந்துவிடும். ஆனால் அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் மிதமாக இருக்கும். சரியான நிமிடக் கணக்கு வேண்டுவோர் மும்பை நாளிதழ்களில் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நீங்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறீர்கள். கடல் வற்றி, மணல் வெகுதூரம் விரிந்து கிடக்கும். பிள்ளைகள் ஓடுவார்கள். நீங்களும் பின்னால் போவீர்கள். கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே தெரியாது. பிறகு தண்ணீர் திரும்பும். நேராக எதிரிலிருந்து மட்டும் வராது. பள்ளமான இடங்களில் முதலில் நிறையும். உங்களுக்கும் கரைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டானதை நீங்கள் கவனிக்கும்போது இருட்டியிருக்கும்.

எந்தக் கடற்கரை எப்படி?

கிர்காவ் சௌபாத்தி, தாதர், ஜூஹு, வெர்சோவா, அக்சா, கோராய் ஆகிய ஆறு கடற்கரைகளிலும் மாநகராட்சி உயிர்காப்பாளர்களை நிறுத்துகிறது. மராத்தியில் அவர்களுக்கு 'ஜீவரக்ஷக்' என்று பெயர். அவர்கள் விசில் அடித்தால் அது உங்களுக்காகத்தான். முறைத்துப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

சௌபாத்தியும் தாதரும் நீந்துகிற இடங்கள் அல்ல. நகரத்தின் கழிவு நீர் கலக்கும் கடல் அது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு மாகிமில் கடலில் சேருகிறது. அந்த ஆற்றின் நிறத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. காலை நனைத்துக்கொண்டு, சுண்டல் தின்றுவிட்டு வருவதற்கு நல்ல இடம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஜூஹு பார்வைக்குச் சாது. ஆனால் 2023-ம் ஆண்டு ஜூன் மாதம், பிபர்ஜாய் புயல் அரபிக் கடலில் இருந்தபோது, அங்கே கடலில் இறங்கிய நான்கு சிறுவர்கள் மூழ்கி இறந்தார்கள்.

மலாடுக்கு மேற்கே இருக்கும் அக்சா, மும்பையில் நீந்தத் தெரிந்தவர்களையும் ஏமாற்றும் கடற்கரை. மணல் அழகாக இருக்கும். கூட்டம் குறைவு. ஆனால் கால் வைக்கும் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். திடீர்ப் பள்ளமும் இழுப்பும் அங்கே உண்டு. பல ஆண்டுகளாக அங்கே உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

நகரத்தை விட்டு வெளியே போனாலும் கடலின் குணம் ஒன்றுதான். 2016-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, ராய்கட் மாவட்டம் முருட் கடற்கரைக்குச் சுற்றுலா வந்த புனே கல்லூரி மாணவர்கள் 14 பேர் மூழ்கி இறந்தார்கள். அது மழைக்காலம் அல்ல, புயல் காலமும் அல்ல. கடல் பார்வைக்கு அமைதியாக இருக்கும் மாதம்.

ஒரு கணக்கை மட்டும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் அது ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை. மீன் வளத்துக்காகப் போட்ட தடைதான் என்றாலும், இங்கே அது கடல் மிகவும் கொந்தளிக்கும் காலமும் கூட. ஆவணி அவிட்டத்தை ஒட்டிய பௌர்ணமியில், 'நாரளி பூர்ணிமா' அன்று கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுத்தான் கோலிகள் படகை இறக்குவார்கள். கடலில் பிறந்து வளர்ந்தவனே கரையில் உட்கார்ந்திருக்கும் மாதத்தில், நமக்கு அங்கே என்ன வேலை?

ஏரியில் முதலை!

சரி, கடல் வேண்டாம். ஏரி?

விகார், துளசி, பவாய் என்ற மூன்றும் 19-ம் நூற்றாண்டில் நகரத்தின் குடிநீருக்காக அமைக்கப்பட்ட ஏரிகள். விகாரும் துளசியும் இன்றும் குடிநீர் தருகின்றன. இரண்டும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காப் பகுதியில் இருக்கின்றன. இறங்கக் கூடாது. பவாய் ஏரியின் கரையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். இறங்குவதற்கு முன் ஒரு தகவல்: அங்கே முதலைகள் இருக்கின்றன. கதை அல்ல. மும்பை மாநகரத்தின் நடுவே, அடுக்குமாடிக் கட்டடங்களின் நிழலில் நிஜ முதலைகள்.

மலபார் ஹில் பகுதியில் வால்கேஷ்வரில் பாண்கங்கா என்ற தீர்த்தக் குளம் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் அதிசயக் குளம். சுற்றிலும் படிகள், கோயில்கள். நம் ஊர்த் தெப்பக்குளத்தைப் பார்த்தது போலவே இருக்கும். வெயில் காலத்தில் அந்தப் பகுதிப் பையன்கள் படியிலிருந்து குதிப்பதைப் பார்க்கலாம். ஆனால் அது நீத்தார் சடங்குகள் நடக்கும் புனித நீர்நிலை. படிகள் பாசி பிடித்து வழுக்கும். கும்பிட்டுவிட்டு வர வேண்டிய இடம் அது, நீச்சல் பழகும் இடம் அல்ல.

குவாரிக் குழிதான் எமன்

எல்லாவற்றையும் விட மோசமானது கல்குவாரிக் குழி. தானே, டோம்பிவிலி, நவி மும்பை பக்கம் கல் வெட்டி எடுத்த பள்ளங்கள் பல உண்டு. மழைத் தண்ணீர் நிறைந்து, தெளிந்து, பச்சையாக நிற்கும். நம் ஊர்க் கிணற்றை நினைவூட்டும். அதில்தான் ஏமாந்து போகிறார்கள்.

கிணற்றில் படி இருக்கும், பிடிக்கக் கயிறு இருக்கும். குவாரியில் கரையிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குத் தரை இருக்காது. செங்குத்தான பாறை. கை பிடிக்க எதுவும் கிடையாது. மேல் தண்ணீர் சூடாகவும், கீழே சில்லென்றும் இருக்கும். அந்தக் குளிரில் மூச்சு திணறும்.

2022-ம் ஆண்டு மே மாதம், டோம்பிவிலிக்குப் பக்கத்தில் சந்தப் கிராமத்துக் குவாரியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் நீந்தப் போனவர்கள் அல்ல, துணி துவைக்கப் போனவர்கள். ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. பிள்ளை ஒன்று தவறி விழுந்தது. காப்பாற்றப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக மூழ்கினார்கள்.

இந்தச் செய்தியை இரண்டு முறை படியுங்கள். நீச்சல் என்பது விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். தண்ணீரைத் தேடி நாம் போகாவிட்டாலும், ஏதோ ஒரு நாள் தண்ணீர்க் கரையில் நாம் நிற்க வேண்டிவரும்.

கர்ஜத் ஆறு திடீரென்று ஏறுவது ஏன்?

விடுமுறை நாளில் நண்பர்களோடு பத்லாபூர், கர்ஜத் பக்கம் ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் உண்டு. கோடையில் மற்ற பல ஆறுகள் வற்றிக் கிடந்தாலும், உல்ஹாஸ் ஆற்றில் தண்ணீர் ஓடும். எங்கிருந்து வருகிறது?

மலைக்கு மேலே டாடா நிறுவனத்தின் அணைகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே மலையிலிருந்து இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். கோபோலியில் 1915-லும், பிவ்புரியில் 1922-லும் மின் நிலையங்கள் தொடங்கின. மின்சாரம் எடுத்தபின் வெளியேறும் தண்ணீர்தான் பிவ்புரியிலிருந்து உல்ஹாஸ் ஆற்றிலும், கோபோலியிலிருந்து பாதாள்கங்கா ஆற்றிலும் ஓடுகிறது.

மின் நிலையம் எல்லா நேரமும் ஒரே அளவில் ஓடாது. மின் தேவை கூடினால் தண்ணீரும் கூடும். மேலே ஒரு துளி மழை இல்லாமலே ஆறு ஏறும். முழங்கால் அளவுத் தண்ணீரில் பாறை மேல் சோற்று மூட்டையை வைத்துவிட்டு இறங்கியவர், திரும்பிப் பார்க்கும்போது பாறையும் இருக்காது, சோறும் இருக்காது. எனவே ஆற்றுக்குப் போனால் முதலில் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். "பாணி கதீ ஸோட்தாத்?" என்றால், தண்ணீர் எப்போது திறந்து விடுகிறார்கள் என்று பொருள். சிறு பிள்ளைகளை நடு ஆற்றுப் பாறைக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஜூன் மாதம் மழை இறங்கிவிட்டால் பத்லாபூர் கொண்டேஷ்வர் போன்ற அருவிகளுக்குக் கூட்டம் அலை மோதும். குற்றாலத்தை நினைத்துக்கொண்டு நம்மவர்களும் போகிறார்கள். குற்றாலத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, தண்ணீர் கூடினால் விரட்டப் போலீஸ் உண்டு. இங்குள்ள பல அருவிகளில் இரண்டும் கிடையாது. ஆழமான மடுவும் இருக்கும். மழைக்காலத்தில் பல அருவிகளுக்குப் போகவே மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது.

பலகை என்ன சொல்கிறது?

ஆபத்தான இடங்களில் அறிவிப்புப் பலகை இருக்கும். அது மராத்தியில் இருக்கும். படிக்கத் தெரியாமல் அதன் கீழேயே சட்டையைக் கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. மூன்று வார்த்தைகள் தெரிந்தால் போதும்.

'போஹண்யாஸ் மனாய் ஆஹே' என்றால் நீந்தத் தடை.

'கோல் பாணி' என்றால் ஆழமான தண்ணீர்.

'தோகா' என்றால் ஆபத்து.

எழுத்து தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளையே படித்துச் சொல்லிவிடும்.

அப்படியானால் எங்கேதான் நீந்துவது?

மாநகராட்சி நீச்சல் குளத்தில்!

'அதெல்லாம் பணக்காரர்களுக்கு' என்று உடனே சொல்லாதீர்கள். பணக்காரர்களின் குளங்களும் இந்த ஊரில் உண்டுதான். பிரீச் கேண்டியில் கடலோரமாக ஒரு குளம் இருக்கிறது. பிரிவினைக்கு முந்திய இந்திய வரைபடத்தின் வடிவில் கட்டிய குளம். அந்த இந்தியக் குளத்தில் ஒரு காலத்தில் இந்தியர்கள் இறங்க முடியாது. வெள்ளையருக்கு மட்டும்தான் அனுமதி! அந்தக் காலம் போய்விட்டது. இன்று அது உறுப்பினர்களுக்கான சங்கம். கோராயில் இருக்கும் வாட்டர் கிங்டம், தானே கோட்பந்தர் சாலையில் இருக்கும் சூரஜ் வாட்டர் பார்க் போன்றவை ஒரு நாள் கேளிக்கைக்கு ஏற்றவை. குடும்பத்தோடு போய் வரலாம். ஆனால் அங்கே நீச்சல் கற்க முடியாது.

நாம் சொல்வது மாநகராட்சிக் குளங்களை. தாதர் சிவாஜி பார்க்கில் மகாத்மா காந்தி நினைவு நீச்சல் குளம் இருக்கிறது. 50 மீட்டர் நீளம், ஒலிம்பிக் அளவு, திறந்த வானத்தின் கீழ். தாராவி, மாட்டுங்கா, சயான்வாசிகளுக்கு இதுதான் பக்கம். செம்பூர்வாசிகளுக்கு ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம். அந்தேரி மேற்கில் ஷாஹாஜி ராஜே போஸ்லே விளையாட்டு வளாகம். முலுண்டில் காளிதாஸ் வளாகம். காந்திவிலி மேற்கில் சர்தார் வல்லபாய் படேல் நீச்சல் குளம். அண்மை ஆண்டுகளில் தகிசர், மலாடு, வொர்லி, விக்ரோலி, அந்தேரி கிழக்கு கோண்டிவிட்டா ஆகிய இடங்களிலும் புதிய குளங்கள் திறந்திருக்கிறார்கள். தானே, நவி மும்பை, கல்யாண், டோம்பிவிலியில் இருப்பவர்கள் அந்தந்த மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டால் பக்கத்துக் குளத்தைச் சொல்வார்கள்.

தாதர் குளத்தைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு காலையில் அந்தக் குளத்தில் இரண்டடி நீள முதலைக் குட்டி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது! காலையில் குளத்தைச் சோதித்த ஊழியர்கள் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். உறுப்பினர்கள் இறங்குவதற்கு முன்பே தண்ணீரைப் பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. குவாரியில் யார் பார்ப்பார்கள்?

சேர்வது எப்படி?

'ஜல்தரண் தலாவ்' எங்கே என்று கேளுங்கள். மராத்தியில் நீச்சல் குளத்துக்கு அதுதான் பெயர். புகைப்படம், அடையாள அட்டை நகல், நீந்தத் தகுதி உண்டு என்று டாக்டர் தரும் சான்றிதழ் ஆகியவை வேண்டும். மாநகராட்சி இணையதளத்திலும் பதிவு செய்யலாம். கட்டணம் வயதைப் பொறுத்து மாறும். பராமரிப்புக்காகச் சில சமயம் குளத்தை மூடியிருப்பார்கள். எனவே லீவு போடும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2023 கோடையில் மும்பை மாநகராட்சி தன் குளங்களில் 21 நாள் நீச்சல் பயிற்சி நடத்தியது. இப்படிப்பட்ட கோடைப் பயிற்சிதான் நம் பிள்ளைகளுக்கு ஏற்றது. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். எனவே பரீட்சை முடியும் முன்பே போய்க் கேட்க வேண்டும்.

நீச்சல் உடையும் தொப்பியும் கட்டாயம். அரைக்கால் சட்டை, பனியனோடு விட மாட்டார்கள். குளத்தில் இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் குழாயில் குளிக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்பதால் கண் சற்று எரியும். காதில் சீழ், தோலில் புண் இருந்தால் ஆறும் வரை இறங்கக் கூடாது.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பல குளங்களில் பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. 'பெண்ணுக்கு எதற்கு நீச்சல்?' என்று கேட்கும் பாட்டி வீட்டில் இருந்தால், சந்தப் குவாரிச் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அங்கே துணி துவைக்கப் போனது பெண்கள்தான்.

21 நாளில் பிள்ளை பதக்கம் வாங்கிவிடாது. ஆனால் மூன்று விஷயம் வந்துவிடும். தண்ணீரில் தலை முங்கினால் பதறாமல் இருப்பது. மல்லாந்து மிதப்பது. குளத்தின் ஓரத்தைக் கைநீந்திப் பிடிப்பது. உயிர் பிழைக்க இந்த மூன்றும்தான் முதல் பாடம். இது தெரிந்துவிட்டது என்பதற்காகக் கடலில் இறக்கிவிடாதீர்கள். குளத்து நீச்சல் குளத்துக்குத்தான்.

ஒருவர் மூழ்கினால்...

தண்ணீர்க் கரைக்குப் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூழ்குகிறவரைப் பார்த்தவுடன் குதிக்காதீர்கள். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வார். இரண்டு பேரும் போவீர்கள். கரையில் நின்றபடி எதையாவது வீசுங்கள். கயிறு, புடவை, வேட்டி, மூடி போட்ட காலி கேன், நீளமான கம்பு, எதுவானாலும் சரி. "பசாவோ, பசாவோ!" என்று இந்தியில் உரக்கக் கத்துங்கள். தமிழில் கத்தினால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது.

கடல் இழுப்பில் நீங்களே மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். சக்தி போய்விடும். மிதந்தபடியே, கரைக்குப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பின் அகலம் பெரும்பாலும் குறைவுதான். அதை விட்டு விலகியதும் அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம். கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.

மூழ்கியவரைக் கரை சேர்த்தபின் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது ஆகிய பழைய வழக்கங்களை விட்டுவிடுங்கள். அதனால் நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் கையை வைத்து வேகமாக அழுத்துங்கள். மாறி மாறி விடாமல் செய்ய வேண்டும். அதற்குள் ஒருவர் ஆம்புலன்சுக்கு 108-ஐ அழைக்கட்டும். மும்பை மாநகராட்சியின் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1916. உடம்பு தெளிந்துவிட்டது போல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரும்.

இந்த மே மாதம்

ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். தாத்தா இருக்கும்போதே, ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே பிள்ளைக்கு நீச்சல் பழக்கி அழைத்து வாருங்கள். பதினைந்து நாள் லீவில் அதைவிடப் பெரிய வேலை எதுவும் இல்லை.

டிக்கெட் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். மாதச் செலவில் பிள்ளையின் டியூஷனுக்கு ஒரு தொகை ஒதுக்குகிறோம். அதே கணக்கில் இந்த ஒரு மாதம் நீச்சலையும் சேர்த்துக்கொள்ளலாம். கணக்குப் பாடத்தில் தவறிப் போனால் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாம். தண்ணீரில் தவறினால் மறு பரீட்சை கிடையாது.

வரும் வாரத்திலேயே ஒரு நாள், பிள்ளையின் இரண்டு புகைப்படத்தையும் அடையாள அட்டை நகலையும் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து நீச்சல் குளத்து வாசலில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். பிள்ளையையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள். நீலமாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டால், பிறகு அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.